பெயர்களைச் சொல்லாதவர்

1692ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சேலம் ஊரில் பலர்மீது சூனியம் செய்ததாகக் குற்றம் சுமத்தப்பட்டது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்குகளை வைத்து ஆர்தர் மில்லர் எழுதிய ‘தி குருசிபில்’ நாடகம் 1953இல் மேடையேறியது.

அதன் நாயகன் ஜான் பிராக்டர் ஓர் உழவர். குறையே இல்லாதவர் அல்லர். பொய்வழக்கில் சிக்கிய மனைவியைக் காப்பாற்ற, தம் பழைய ஒழுக்கக்கேட்டை நீதிமன்றத்தில் தாமே வெளியிடுகிறார். ஊராரின் மதிப்பு அன்றே போய்விடுகிறது. பின்னர், உயிர் பிழைக்க விரும்பி, தாமும் சூனியம் செய்ததாகப் பொய்யாக எழுதிக் கையெழுத்திடுகிறார். ஆயினும், பிறரைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்தத் தாளைத் தேவாலயக் கதவில் ஒட்டப் போகிறார்கள் என்று அறிந்ததும் அதைக் கிழித்துவிட்டுத் தூக்குமேடைக்குச் செல்கிறார். ஊர் கொடுத்த மதிப்பு வேறு, அவருடைய நேர்மை வேறு என்பது இங்குதான் புலப்படுகிறது.

இது நாடகம். ஆனால், லகாட்டுக்கு அருகிலுள்ள பாப்பானில் இத்தகைய சோதனை உண்மையிலேயே நிகழ்ந்தது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சிபில் கார்த்திகேசுவும் மருத்துவரான அவர் கணவரும் அங்கு மருந்தகம் நடத்தினர். காட்டிலிருந்து போராடியவர்களுக்கு இரகசியமாகச் சிகிச்சையளித்தனர். 1943இல் சிபில் கைதானார். கெம்பெத்தாய் எனப்பட்ட இராணுவக் காவலர்கள் அவரிடம் கேட்டவை பெயர்களே. முதுகெலும்பு பாதிக்கப்படும் அளவுக்கு அடித்தனர். சிறுமியான மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினர். தாய்க்கு அதைவிடக் கொடுமை ஏது? அப்போதும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

போருக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. சித்திரவதையின் பாதிப்பு நீங்காமலே 1948இல் பிரிட்டனில் காலமானார். அவருடைய கல்லறை ஈப்போவில் இருக்கிறது.