மாத்திரையும் ஒரு பிடிச் சோறும்



தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகளை இயேசு எழுப்பிய நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் பிரிவில் வாசிக்கிறோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுந்து நடக்கிறாள். சுற்றி நின்றவர்கள் வியப்பில் வாயடைத்துப் போகிறார்கள். அந்த நேரத்தில் ஆண்டவருக்கு வந்த நினைவு என்ன? பிள்ளை பசியோடு இருப்பாள், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதுதான். உயிரைக் கொடுத்தவர் சோற்றை மறக்கவில்லை. இந்தச் சிறிய குறிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் பகுதியை விட்டு இன்னும் போகாத ஒரு நோயைப் பற்றி இன்று சிந்திப்போம். அது காசநோய். டிபி என்று நாம் குரலைத் தாழ்த்திச் சொல்லும் நோய்.

உலகில் இந்த நோய் வரும் நான்கு பேரில் ஒருவர் இந்தியர். இது பழைய காலத்து நோய், இப்போது யாருக்கு வருகிறது என்று நினைக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று தொலைவிலிருந்து வந்த பிள்ளைகளும், நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகளும் ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்குகிறார்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் வந்து படுக்கிறார். கொசுவுக்குப் பயந்து ஜன்னல் சாத்தியே இருக்கிறது. அவர்களில் ஒருவர் இருமத் தொடங்குகிறார். மருந்துக் கடையில் ஒரு சிரப் வாங்கிக் குடிக்கிறார். டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று ஒரு பயம். நோய் என்று தெரிந்தால் அறையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று இன்னொரு பயம். இந்த இரண்டு பயங்களும் சேர்ந்து அவரை இரண்டு மாதம், மூன்று மாதம் இருமவிடுகின்றன. அதற்குள் பக்கத்துப் பாயில் படுப்பவருக்கும் கிருமி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்த நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்பதை ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1882 மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்தார். ஆனால் கிருமி தெரிந்த பிறகும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நாம் அன்போடு சிறுமலர் என்று அழைக்கும் குழந்தை இயேசுவின் தெரேசா 1897இல், 24 வயதில், இந்த நோயால்தான் இறந்தார். இன்று அவர் இருந்திருந்தால் ஆறு மாத மாத்திரையில் எழுந்து நடந்திருப்பார். அந்த மாத்திரைகளை இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள்.

இந்த மருத்துவம் எப்படி வந்தது என்ற வரலாற்றில் நம் ஊர்களுக்கும் பங்கு உண்டு. சென்னைக்கு மின்ரயிலில் போகிறவர்கள் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தைத் தாண்டியிருப்பார்கள். அங்கே 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்தக் காலத்தில் டிபி என்றால் வீட்டை விட்டுப் பிரிந்து, மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்து, நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வும் பெற வேண்டும் என்பதே வைத்தியம். அத்தனை பேருக்கும் படுக்கை எங்கே கிடைக்கும்? 1956இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அதுதான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் மருந்து. இன்னொரு பிரிவினருக்கு நெரிசலான தங்கள் வீட்டிலேயே அதே மருந்து. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளிவந்த இந்த முடிவுக்குப் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மறைந்தன. டிபி வந்தவரை வீட்டை விட்டு விரட்ட வேண்டியதில்லை என்பதை உலகுக்குச் சொன்னவர்கள் சென்னையின் ஏழை நோயாளிகள். நாம்தான் அதை இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்தது தடுப்பூசி. 1968 முதல் 1971 வரை, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி ஊசிக்கு மாபெரும் சோதனை நடந்தது. அப்போது திருவள்ளூர் அந்த மாவட்டத்தில் இருந்தது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கணக்கெடுத்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நம் தாத்தா பாட்டிமாரில் சிலர் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட சோதனை அது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்பதுதான் கிடைத்த விடை. எதிர்பார்த்த விடை அது அல்ல. ஆனாலும் உண்மை தெரிந்தது. சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து அந்த ஊசி காப்பதால், பிறந்தவுடன் இன்றும் போடுகிறோம். அதைத் தவறவிடக் கூடாது. ஆனால், சின்ன வயதில் ஊசி போட்டாயிற்று, எனக்கு வராது என்று வளர்ந்தவர் யாரும் இருந்துவிடக் கூடாது. பெரியவர்களுக்கான புதிய தடுப்பூசி ஒன்றின் இறுதிக் கட்டச் சோதனை 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியிருக்கிறது. அதன் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

1999இல் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில், ஏறக்குறைய ஐந்தரை லட்சம் மக்களிடையே, மருந்தை முன்னால் இருந்து விழுங்கவைத்துக் கண்காணிக்கும் முறையைத் தொடங்கினார்கள். ஐந்தே ஆண்டுகளில் நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் பின்னர் எடுத்த கணக்கில் மறுபடி சற்று ஏறியது. மருந்து மட்டும் போதாது போலிருக்கிறதே என்று யோசிக்க வைக்கும் செய்தி இது. இங்கேதான் சோற்றின் கதை வருகிறது.

சென்னை ஆய்வில் மருந்துதான் குணமாக்கியது, சாப்பாடு பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அதனால் பல ஆண்டுகள் மருத்துவ உலகம் சாப்பாட்டை இரண்டாம் இடத்தில் வைத்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019இல் தொடங்கி 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகள் எல்லாருக்கும் மருந்தோடு மாதாமாதம் உணவுப் பொட்டலம் கொடுத்தார்கள். ஒரு பாதிக் குடும்பங்களில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். 10,345 குடும்ப உறுப்பினர்களைத் தொடர்ந்து கவனித்த இந்த ஆய்வின் முடிவு 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் வந்தது. உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ளவருக்கு 5 சதவீதம் என்றால் வெறும் 2 கிலோ. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசியின் வேலையைச் செய்திருக்கின்றன.

தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதையொட்டியதே. நோய் உறுதியானதும் செவிலியர் எடை பார்க்கிறார், மூச்சு எண்ணுகிறார், விரலில் ஆக்சிஜன் அளக்கிறார், யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார். மிகவும் மெலிந்தோ தளர்ந்தோ இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நாமும் வீட்டில் கவனிக்கலாம். மருந்து தொடங்கியவர் மூச்சுவாங்கினாலோ, கால் வீங்கினாலோ, பிறர் தாங்காமல் நிற்க முடியாவிட்டாலோ, நாளை பார்க்கலாம் என்று விடக் கூடாது.

பரிசோதனையும் மருந்தும்கூட முன்னேறியிருக்கின்றன. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்ற கருவி, சளியில் உள்ள கிருமியையும், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பு இருபது மாதம்வரை சிகிச்சை எடுக்க வேண்டியிருந்தது. பெடாகுவிலின் உள்ளிட்ட நான்கு மருந்துகள் கொண்ட ஆறு மாதச் சிகிச்சைக்கு 2024 செப்டம்பரில் நம் நாடு ஒப்புதல் தந்தது. நோயாளியோடு வாழ்பவர்களுக்கு நோய் வராமல் தடுக்க, வாரம் ஒருமுறை என்று பன்னிரண்டு வாரம் மட்டும் எடுக்கும் மருந்தும் உண்டு.

சகோதரர்களே, சகோதரிகளே, இனி நாம் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவு, சளியில் இரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்ச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், ஃபவுண்டரியிலும் கல் அரவையிலும் சிலிக்கா தூசியில் வேலை செய்பவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

மருந்து தொடங்கியதும் சிறுநீர் சிவந்து போகும். அது ரிஃபாம்பிசினின் நிறம், பயம் வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, தொடர்ந்து வாந்தி வந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மது வேண்டாம். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் மருந்தை விடுவதுதான் பெரிய ஆபத்து. அடங்காத காசநோய் அப்படியும் உருவாகிறது.

சரியான மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் தொற்றுவது நின்றுவிடும். அதுவரை முகக்கவசம் போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும். தட்டிலும் தம்ளரிலும் டிபி தொற்றாது. தட்டைத் தனியாக வைத்தால் நோய் குறையாது, மனம்தான் உடையும். தினம் ஒரு முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, முருங்கைக்கீரை என்று நம் கடைத்தெருவில் கிடைப்பதே போதுமான சத்து.

கூலி போகும் என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. ஈஎஸ்ஐயில் இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு, நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ள காசநோய்க்காக, ஊதியத்தில் 80 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்க விதிகளில் இடமுண்டு. சந்தா எவ்வளவு நாள் கட்டியிருக்கிறது என்பதை ஈஎஸ்ஐ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக ஒன்றிய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அதற்கு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். விளக்கம் வேண்டுவோர் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

நாம் ஒரு பங்காகச் செய்யக்கூடியதும் உண்டு. நிக்ஷய் மித்ரா என்ற திட்டத்தில் 2022 முதல் தனிமனிதரோ அமைப்போ ஒரு நோயாளியை ஏற்று, ஆறு மாதம் உணவுப் பொட்டலம் கொடுக்கலாம். நம் அன்பியங்கள் ஒவ்வொன்றும் ஒருவரை ஏற்றால் எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள்! பெயரை வெளியே சொல்லாமல், அரிசியும் பருப்பும் எண்ணெயும் முட்டையும் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். மொழி தெரியாத வடமாநிலப் பிள்ளையாக இருந்தால், சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை கூடவே போய் வருவதும் பெரிய உதவி.

யாயிரின் வீட்டில் அன்று அடுப்பை மூட்டிச் சாப்பாடு எடுத்து வந்தவர் யார் என்று நற்செய்தி சொல்லவில்லை. அது வீட்டாரில் யாரோ ஒருவராக இருக்கலாம், அண்டை வீட்டாராகவும் இருக்கலாம். மாத்திரையை அரசு தருகிறது. அந்தச் சாப்பாட்டை எடுத்து வருகிறவர்களாக நாம் இருப்போம்.