ஏலத்தோட்டத்துக் குழிவிரியன்

சிலமலைப் பகுதியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் செடியின் தூரருகே அமர்ந்து காய் பறிக்கின்றனர். அங்கே சருகின் நிறத்திலேயே, சுமார் ஒன்றரை அடி நீளமுள்ள கூன்மூக்குக் குழிவிரியன் சுருண்டு கிடக்கக்கூடும். கண்ணுக்கும் நாசிக்கும் இடையே வெப்பத்தை உணரும் குழி இருப்பதால் இது குழிவிரியன் இனம்.

முன்பு இதனைச் சுருட்டைவிரியன் எனப் பிழையாகக் கருதியதுண்டு. இதன் கடியும் உயிருக்கு ஆபத்தானது என்பதை 2007இல் கேரள மருத்துவர்களின் ஆய்வு உறுதிசெய்தது. இவ்வேறுபாடு நோயாளிக்கு மிக முக்கியமானது. நம் நாட்டு நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே உரியது. குழிவிரியன் நஞ்சை முறிக்காது. கடுமையான ஒவ்வாமையையும் உண்டாக்கலாம்.

ஆகவே, கடித்தது குழிவிரியன் என உறுதியானால் அம்மருந்தை நாங்கள் தவிர்ப்போம். அதை அலட்சியமென எண்ண வேண்டா. இரத்தம் உறைவதையும் சிறுநீரின் அளவையும் கண்காணிப்போம். சிறுநீரகம் பழுதுற்றால் டயாலிசிஸ் செய்வோம். பாம்பு இன்னதெனத் தெரியாமல், இரத்தமும் உறையாதிருந்தால் நச்சுமுறி மருந்தை ஏற்றுவோம்.

கடிவாயைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பாம்பைப் பிடிக்க முயலாதீர்கள். எட்ட நின்று எடுத்த படமே போதும். வீக்கம் சிறிதாயினும் வீடு திரும்ப அவசரப்படாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பு பிந்தியும் வெளிப்படலாம்.