மலையுச்சியில் ஒரு சின்ன நிலையம்

நானுஓயாவிலிருந்து பதுளைப் பக்கம் போகும் கோச்சி அம்பேவெலயைத் தாண்டியதும் குளிர் முகத்தில் அறையும். அடுத்து வருவது பட்டிப்பொல. இலங்கையில் மிக உயரத்தில் அமைந்துள்ள புகையிரத நிலையம் இதுவே. வெளியூர்ப் பயணிகள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆனால், இந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது, யாருடைய உழைப்பால் வந்தது, இனி யாருக்குப் பயன்பட வேண்டும் என்பவற்றை மலையகத்தில் வாழும் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

கோப்பியும் தேயிலையும்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல். மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்தில் கொண்டு சேர்ப்பதே அதன் முதல் நோக்கம். 1869இல் கோப்பி இலைகளில் ஒரு பூஞ்சண நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. பாதையும் மேலே மேலே ஏறியது. 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா, 1893இல் பட்டிப்பொலயைக் கடந்து அப்புத்தளை. பதுளையை எட்டியது 1924இல்தான்.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் எளிதில் வழுக்கும். எனவே கோச்சி செங்குத்தாக ஏற முடியாது. இந்த மலைப் பாதையில் 44 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரம் என்பதே மிகக் கடுமையான ஏற்றம். அதற்காகவே பாதை மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிறது. பட்டிப்பொலயை விட்டு ஒஹிய நோக்கிச் செல்கையில் 6,226 அடியில், அதாவது ஏறத்தாழ 1,898 மீற்றரில், அது தன் உச்சியைத் தொடுகிறது. அதற்கப்பால் ஊவாவை நோக்கி இறக்கம். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் இந்தப் பக்கம் தூறலும் பனிமூட்டமுமாக இருக்க, அந்தப் பக்கம் வெயில் அடிப்பதைப் பயணம் செய்தவர்கள் அறிவார்கள்.

இது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் நிலையத்தில் மட்டுமே ஒன்றையொன்று விலகிச் செல்லலாம். ஆகவே, சிறிய நிலையம் என்பது ஆட்கள் ஏறி இறங்கும் இடம் மட்டுமல்ல. முழுப் பாதையின் பாதுகாப்பும் அதில் தங்கியிருக்கிறது.

தோள் கொடுத்தவர்கள்

மலைநாட்டின் தெருக்களையும் தண்டவாளங்களையும் அமைப்பதில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரியது. பாறையை உடைத்தவர்கள், மண் சுமந்தவர்கள், குளிரிலும் காய்ச்சலிலும் மடிந்தவர்கள் எம் முன்னோர்கள். நிலையத்தின் உயரம் எல்லோருக்கும் தெரிகிறது. அந்த உயரத்துக்குப் பாதையை ஏற்றி வைத்தவர்களின் பெயர் எவருக்கும் தெரியாது.

அதே தண்டவாளம் எம்மவரைப் பிரிக்கவும் செய்தது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. மனிதரை மூட்டைகளைப் போல் எண்ணிப் பங்கிட்ட காலம் அது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சிகளில் ஏறியவர்களும் மேடையில் நின்றவர்களும் கட்டிப்பிடித்து அழுத அழுகை, எமது லயங்களின் மூத்தோர் மறக்காத ஒன்று. 1984இல் தலைமன்னார் கப்பல் நிற்கும்வரை அந்தப் பயணம் தொடர்ந்தது.

வருமானம் மட்டும் கணக்கா?

சின்ன நிலையங்களைப் பற்றிய கேள்வி எமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் கியூ-ஷிராதாகி என்றொரு நிலையம் இருந்தது. ஊர் மெல்ல மெல்ல வெறுமையாகி, முடிவில் அதை வழமையாகப் பயன்படுத்தியவர் பாடசாலை செல்லும் ஒரு மாணவி என்ற நிலை வந்தது. 2016 மார்ச்சில், அவருடைய பள்ளிப் படிப்பு முடியும் காலத்தில், நிலையம் மூடப்பட்டது. ஆள் இல்லாததால் நிலையம் போயிற்று. பட்டிப்பொலயின் நிலை வேறு. இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் பயிரிடும் சிங்கள, தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. குறைந்த கட்டணத்தில் பயணம் செய்ய வேண்டிய ஏழைகள் இருக்கிறார்கள்.

2025 நவம்பரில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் மலைகள் சரிந்தன. மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களில் சிதைந்தது. பாதை அறுந்தால் சுற்றுலாப் பயணி தன் பயணத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். சந்தைக்கு மரக்கறி அனுப்பும் கமக்காரரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தாயும் எங்கே திரும்புவார்கள்?

ஆகவே, ஒரு பாதையைச் செப்பனிடும்போதும் வண்டிகளின் நேரத்தை வகுக்கும்போதும் பயணச்சீட்டு வருமானத்தோடு மக்களின் தேவையும் கணக்கில் சேர வேண்டும். அந்தக் கணக்கை அதிகாரிகளே எடுத்துத் தருவார்கள் என்று காத்திருக்கலாகாது. எத்தனை பிள்ளைகள், எத்தனை நோயாளர்கள், எத்தனை மூட்டை மரக்கறி என்பதை எமது மாதர் சங்கங்களும் இளைஞர் கழகங்களும் ஒரு மாதம் குறித்து வைக்கலாம். தாளில் எழுதிய எண்ணிக்கையோடு போகிறவர்களின் பேச்சுக்குக் கூடுதல் மதிப்புண்டு. முன்னோர்கள் உழைப்பைத் தந்து போட்ட பாதை இது. அதில் எமக்குள்ள உரிமையைக் கேட்பது பிச்சை கேட்பதாகாது.