இலேசான குண்டும் வேட்டைக்காரனின் எல்லையும்

அப்பலேச்சிய மலைகளைத் தாண்டி மேற்கே குடியேறச் சென்ற அமெரிக்கக் குடியானவன், தன் துப்பாக்கிக்கு வேண்டிய ஈயத்தையும் கருமருந்தையும் தோளிலும் குதிரை முதுகிலும் சுமந்தே செல்ல வேண்டியிருந்தபடியால், ஒரு ராத்தல் ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாம் என்பது அவனுக்கு ஜீவனத்தைப் பற்றிய கணக்காகவே இருந்தது. ஜெர்மானியக் கைவினைஞர்கள் தங்கள் தேசத்திலிருந்து கொண்டுவந்த, குட்டையான குழலும் அகன்ற துவாரமும் உடைய வேட்டைத் துப்பாக்கி, பதினெட்டாம் நூற்றாண்டிலே பென்சில்வேனியாப் பட்டறைகளில் நீண்டு மெலிந்து, சிறு குண்டை எறியும் ‘லாங் ரைபிள்’ ஆக உருமாறியதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். 0.49 அங்குல விட்டமுள்ள ஈய உருண்டையின் எடை 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம். ராத்தலுக்கு 39 தேறும். 0.44 அங்குல உருண்டையோ 128 கிரெயின்தான். ராத்தலுக்கு 54 வார்த்துக்கொள்ளலாம்.

அதே பென்சில்வேனியாவில் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே ஒரு தனி மான்வேட்டைப் பருவம் 1974 முதல் நடந்து வருகிறது. வெண்வால் மானைத் தேடி அங்கே செல்பவன், பாட்டன் செய்தபடியே, கருமருந்தை அளவைக் குழாயில் அளந்து வாய்வழியே கொட்டி, எண்ணெயோ கொழுப்போ தடவிய பருத்தித் துணித்துண்டைக் குழலின் வாயில் விரித்து, அதன்மேல் குண்டை வைத்து அழுத்தி, கெட்டிக்கும் கோலால் மருந்தின்மேல் நன்றாகப் படியும்வரை தள்ளுகிறான். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி நின்றுவிட்டால் குழலே வெடித்துச் சிதறக்கூடும் என்பதால், சரியாகக் கெட்டித்தபோது கோல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே ஓர் அடையாளம் கீறி வைத்து, ஒவ்வொரு முறையும் அதை ஒத்துப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். குழலின் உட்புறத்தில் வெட்டியுள்ள புரிகளைத் துணியே பற்றிக்கொண்டு, குண்டைச் சுழற்றி வெளியே அனுப்புகிறது.

அரை அங்குலத் துப்பாக்கியில் 80 கிரெயின் மருந்து வைத்துச் சுட்டால், அந்த 177 கிரெயின் உருண்டை விநாடிக்கு ஏறத்தாழ 1,800 அடி வேகத்தில் புறப்படும். ஆனால் நூறு கஜம் செல்வதற்குள் அவ்வேகம் ஆயிரம் அடியை ஒட்டித் தாழ்ந்துவிடும். சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், புறப்பட்டபோது இருந்த சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் மானை எட்டும்.

காற்றின் இந்த ஆதிக்கத்தை முதன்முதலில் அளந்து நிரூபித்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். தொங்கவிட்ட கனமான ஊசலின்மீது குண்டைச் செலுத்தி, அது எவ்வளவு தூரம் பின்னோக்கி ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணித்த அவர், வேகமாகச் செல்லும் துப்பாக்கிக் குண்டைக் காற்று அதன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட பலத்துடன் எதிர்க்கிறது என்று 1742-இல் வெளியிட்டபோது, காற்றின் தடையை அற்பமென்று கருதியிருந்த பீரங்கி சாஸ்திரம் அஸ்திவாரத்தோடு மாற வேண்டியதாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்திருத்தும் பொறுப்பேற்று நம் கரைக்கு வந்த அந்த மேதை, 1751-இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையிலேயே காலமானார்.

காற்று எதிர்ப்பது குண்டின் முகப்பரப்பை. அந்த எதிர்ப்பைத் தாங்கி முன்னேறச் செய்வது அதன் எடை. உருண்டையின் விட்டம் பெருகும்போது பரப்பு வர்க்கமாகவும் எடை கனமாகவும் பெருகுகின்றன. 0.49 அங்குலத்திலிருந்து 0.53 அங்குலத்துக்குச் சென்றால் விட்டம் எட்டு சதவிகிதமே கூடுகிறது. எடையோ 177-லிருந்து 224 கிரெயினாக, கால்பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகவே சிறிய உருண்டை தன் வேகத்தை விரைவில் இழக்கிறது. மருந்தை அதிகமாக்கி இக்குறையை ஈடுசெய்ய முயன்றால், கூடுதலாகப் பெற்ற வேகத்தில் பெரும்பகுதியை நூறு கஜத்துக்குள் காற்றே கவர்ந்துகொள்ளும். தோளில் விழும் உதைப்பும், சிதறும் குறியுமே எஞ்சும்.

எடையைக் கூட்டாமல் காற்றை வெல்ல வேறொரு வழி உண்டு. குழலின் துவாரத்தைவிடச் சிறுத்த, கூரிய குண்டைப் பிளாஸ்டிக் உறையில் பொருத்திச் செலுத்தினால், வாயைவிட்டு வெளியேறியதும் உறை கழன்று விழ, குறுகிய முகமுடைய குண்டு மட்டும் பறந்து செல்கிறது; இலேசாயிருந்தும் அது உருண்டையைவிட வெகுதூரம் வேகம் குன்றாது செல்லும். ஆனால் நீண்ட குண்டு தலைகுப்புறாமல் பறக்க விரைந்த சுழற்சி தேவை. உருண்டைக்கு 48 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அமைந்த புரி போதுமென்றால், இதற்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். எனவே துப்பாக்கியின் புரியை அறியாமல் குண்டைத் தேர்ந்தெடுப்பது பயனற்றது.

இலேசான குண்டு குறைபாடுள்ள ஆயுதமென்று இதனால் முடிவுகட்டலாகாது. உதைப்புக் குறைவாகையால் சுடுபவன் உடல் கூசாமல் குறிவைக்கிறான்; சுத்தமான மெல்லீயத்தில் வார்த்த உருண்டை, ஐம்பது அறுபது கஜத்துக்குள் மானின் இருதயப் பிரதேசத்தில் தைக்குமாயின், தட்டையாக விரிந்து உடனே உயிரைப் போக்கிவிடும். அதற்கு அப்பாலோ, அதே குண்டு பிராணியைக் காயப்படுத்திப் புதருக்குள் பல நாழிகை துடிக்கவிடும் அபாயம் பெருகுகிறது. மறுகுண்டு கெட்டித்து முடிப்பதற்குள் அது கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். ஆதலால் மருந்தையும் குண்டையும் காகித இலக்கில் பலமுறை பரீட்சித்து, எந்த அளவில் குறிகள் நெருங்கி விழுகின்றனவோ அந்த அளவையே கைக்கொண்டு, தன் குண்டு எத்தனை கஜம் வரையில் நம்பத்தக்கது என்று முன்கூட்டியே வரையறுத்து, அந்த எல்லைக்கு அப்பால் நிற்கும் மானைச் சுடாமல் விடுபவனே இந்த சாஸ்திரத்தை உள்ளபடி கற்றவன்.