கை என்னுடையது, பேச்சு மதினியுடையது!



போன மாதம் என் சித்தி மகள் போனில் அழாத குறையாகக் கேட்டாள். "அக்கா, நானும் முறுக்கு, சீடை செஞ்சு விக்கிறேன். எல்லாரும் வீடியோ போடு, வீடியோ போடுங்கறாங்க. கேமராவைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. நீங்களும் என்னை மாதிரிதானே, எப்படிச் சமாளிச்சீங்க?" அவளுக்கு ஒரு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இருந்தபடி ஏதாவது செய்து விற்கும் சகோதரிகளில் என்னைப் போலக் கூச்சக்காரிகள் நிறையப் பேர் இருப்பார்கள்.

எனக்கு வயது 51. ஊர் திண்டுக்கல். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட என் முகம் நேராக இருக்காது. "கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கம்மா" என்று போட்டோக்காரர் கெஞ்சிக் களைத்துப் போனார். அப்படிப்பட்டவள் நான். 2020 ஊரடங்கில் கல்லூரி வாசலில் இருந்த என் கணவரின் ஜெராக்ஸ் கடை மூடியது மூடியதுதான். பிள்ளைகளே வராத கல்லூரி வாசலில் யாருக்கு ஜெராக்ஸ்? அப்போதுதான் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி என்று ஆரம்பித்தேன். வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டி உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வாங்கினேன். தெருவில் நாலு வீடு, வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் என்று ஓடியது. ஆனால் அந்தப் பணம் மின்சாரக் கட்டணத்துக்கும் பாலுக்குமே சரியாகப் போனது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும் என்றால் வெளியூர் ஆர்டர் வந்தே ஆகவேண்டும்.

"முதலாளியே வந்து பேசுற காலம்மா இது" என்றாள் மகள். உண்மைதான். வசந்த் அண்ட் கோ வசந்தகுமார் (2020 ஆகஸ்டில் காலமாகிவிட்டார்) சிரித்த முகத்தோடு தன் கடை விளம்பரத்தில் தானே வந்து நின்றது நமக்கெல்லாம் தெரியும். லலிதா ஜுவல்லரி கிரண்குமார், சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் என்று வரிசையாக வந்தார்கள். அவர்களுக்குக் கேமரா என்றால் பயமில்லை. எனக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முயற்சி செய்தோம். "வணக்கம்" என்று ஆரம்பிப்பேன், தொண்டை வற்றும். தண்ணீர் குடிப்பேன். மறுபடி "வணக்கம்". பதினாலு தடவை! பதினைந்தாவது தடவை கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். மகளுக்குக் கோபம். எனக்கு அழுகை. பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "விடும்மா, அம்மாவால முடியாது" என்றார். அது ஆறுதலா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் கையை மட்டும் காட்டி எடுத்தோம். வறுப்பது, ஆற வைப்பது, அரைப்பது என்று கையும் வாணலியும் மட்டும். பின்னால் ஒரு பாட்டு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊமைப்படம் மாதிரி. பூண்டு போட்டீங்களா, எத்தனை நாள் தாங்கும், குழந்தைக்குக் கொடுக்கலாமா, காரம் எப்படி என்று கேள்வி கேள்வியாக வந்ததே தவிர ஆர்டர் வரவில்லை.

சரி, பேச ஒரு ஆளை வைப்போம் என்று முடிவு செய்தோம். உள்ளூர் ஜவுளிக் கடைகளுக்கு விளம்பரம் பேசும் ஒரு பெண். கலகலவென்று பேச்சு, திருத்தமான முகம். ஒரு வீடியோவுக்கு 2,000 ரூபாய். எனக்கு அது ஒரு வாரச் சம்பாத்தியம். வந்தாள், கூடத்தில் நின்றாள், இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டாள். அடுப்படிக்குள் அவள் கால் வைக்கவில்லை. நானும் ஒரு வாய் சாதத்தில் பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்து கொடுக்கவில்லை. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

கறிவேப்பிலைப் பொடி பற்றிப் பேசும்போது அவள் சிரித்துக்கொண்டே, "தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிடுங்க, சுகர் இருக்கிற இடம் தெரியாம ஓடிப்போயிடும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். நாங்கள் எழுதிக் கொடுத்ததில் அது கிடையாது. காதில் விழத்தான் செய்தது. விளம்பரம் என்றால் நாலு வார்த்தை கூடத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் மட்டும் 43 ஆர்டர்! மகள் குதித்தாள். நானும் மனசுக்குள் குதித்தேன், பொய் சொல்லக்கூடாது.

பத்தாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். குரலில் அவ்வளவு மரியாதை. "அம்மா, பொடி வந்துச்சு, ரொம்ப நல்லாருக்கு. மாத்திரையை இன்னையிலிருந்தே நிறுத்திடலாமா, இல்ல ஒரு வாரம் கழிச்சு நிறுத்தணுமா?"

எனக்குக் கை கால் ஆடிப்போய்விட்டது. என் அப்பா சர்க்கரை நோயால்தான் ஒரு காலை இழந்தார். மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினால் என்ன ஆகும் என்று வீட்டிலேயே பார்த்தவள் நான். "ஐயா, தயவுசெய்து நிறுத்தாதீங்க. அது வெறும் பொடி. சாதத்துக்குப் போட்டுச் சாப்பிடற பொடி" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்தப் பொண்ணு சொன்னது?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று ராத்திரியே வீடியோவை எடுத்தோம். மறுநாள் காலையிலிருந்து 43 பேருக்கும் நானே போன் செய்தேன். கேமரா முன்னால் "வணக்கம்" சொல்ல முடியாத நான், முன்பின் தெரியாதவர்களிடம் "நாங்க சொன்னது தப்பு, மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒரு அம்மா மட்டும், "ராத்திரி மாத்திரையை நாலு நாளா விட்டுட்டேனே" என்றார். அன்றைக்கே டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொல்லி, சாயங்காலம் மறுபடி போன் செய்து, போனாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. பணம் திரும்பக் கேட்ட ஆறு பேருக்குத் திருப்பிக் கொடுத்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகுதான் விசாரித்தேன். உங்களுக்கும் உதவும், கேட்டுக்கொள்ளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஏமாற்று விளம்பரம் செய்தால் பொருள் தயாரிப்பவருக்கு மட்டுமல்ல, அதைப் பரிந்துரைத்துப் பேசுகிறவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருஷச் சட்டம் ஒன்று தடுக்கிறது. பொடிக்குச் சொல்லலாமா? 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளில், ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறவர் அதைப்பற்றிப் போதுமான விவரமோ அனுபவமோ வைத்திருந்து, மனசார நினைப்பதைத்தான் சொல்லவேண்டும் என்றே இருக்கிறது. விற்பவருக்கும் பேசுபவருக்கும் ஏதாவது தொடர்பு இருந்து, பார்ப்பவர்கள் அதை எதிர்பார்க்க வாய்ப்பில்லை என்றால், அதையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டுமாம்.

பேசுகிற ஆள் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தூர்தர்ஷன் காலத்து சர்ஃப் லலிதாஜியை நினைவிருக்கிறதா? நடித்தவர் கவிதா சௌத்ரி. அவரா கம்பெனி முதலாளி? இல்லையே! ஆனாலும் சோப்புத்தூளைக் கணக்குப் பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பெண் மாதிரி இருந்தார், நம்பினோம். அமுல் வெண்ணெய்க்கு 1966லிருந்து ஒரு குட்டிப்பெண் வருகிறாளே, அவள் வெறும் கார்ட்டூன்! ஆக, முதலாளி முகம்தான் வேண்டும் என்றில்லை. பேசுகிற வாய்க்குப் பொருள் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் மதினி வருகிறார். என் கணவரின் அக்கா. பால்வாடியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 64. எனக்கும் அவருக்கும் இருபத்தைந்து வருஷமாகச் சுமுகம் என்று சொல்லமுடியாது. வந்தால் நேராக அடுப்படிக்குத்தான் வருவார். "ஏம்புள்ள, பருப்பு செவக்கவே இல்ல?", "பெருங்காயம் எங்க போச்சு?" என்று ஆரம்பித்துவிடுவார். அன்றும் பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "சூடா இருக்கறப்பவே அரைச்சிருக்க. அதான் வேர்த்துக் கட்டி பிடிச்சிருக்கு. நல்லா ஆறவிட்டுல்ல அரைக்கணும்?" என்றார். மகள் சும்மா இல்லாமல் செல்போனில் அதை எடுத்துவிட்டாள். போட்டுப் பார்த்தோம். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அவ்வளவு இயல்பாக இருந்தது!

"மதினி, நீங்களே பேசுறீங்களா?" என்று கேட்டேன். கேட்க எனக்கு எவ்வளவு தயக்கம் என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். அவர் யோசிக்கவே இல்லை. "பேசுறேன். ஆனா சாப்பிட்டுப் பார்த்து நல்லா இருந்தாத்தான் நல்லாருக்குன்னு சொல்லுவேன். இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்லுவேன், சம்மதமா?"

முதல் வீடியோவில் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையில் வந்து நின்றார். முதல் வாக்கியமே, "பொடி பண்றது என் தம்பி பொண்டாட்டி. அவளுக்குக் கூச்சம், முகம் காட்டமாட்டா. அதனால நான் பேசுறேன். இதுக்கு எனக்குச் சம்பளமும் உண்டு" என்பதுதான். மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அத்தை, சம்பளத்தை எல்லாம் யாராவது சொல்லுவாங்களா?" "ஏன், ஓசியிலயா பேசுறேன்?" என்றார் மதினி. அந்த வரியை வெட்டாமல் அப்படியே போட்டோம். ஜனங்களுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதினால் மதினி பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஆகிவிடுகிறார். வாடிக்கையாளர்கள் கேட்ட நாலு கேள்வியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவோம். மதினி கேட்பார், செல்போனுக்குப் பின்னால் நின்று நான் பதில் சொல்வேன். என் குரலும் கையும் வரும், முகம் வராது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவதற்கு முன், காலையிலேயே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துவிடுகிறோம். சேலையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று வாங்கினோம். முகத்தைவிடக் குரல் தெளிவாக இருப்பதுதான் முக்கியம் என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. நோய் தீரும், எடை குறையும், முடி வளரும் என்ற பேச்சே கிடையாது. எடுத்ததை நான் முழுதாக ஒருமுறை கேட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே போகும்.

பண விஷயம் சொல்கிறேன், சொந்தம் என்று விட்டுவிடாதீர்கள். மாதம் நாலு வீடியோ, 3,000 ரூபாய், மதினியின் பேங்க் கணக்கில். "கூடப் பிறந்த அக்காவுக்குக் காசா?" என்று என் கணவரே கேட்டார். உங்கள் அக்காவுக்கு அல்ல, எங்களுக்காகப் பேசுகிறவருக்கு என்றேன். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டோம். வீடியோ எங்கெங்கே வரும், வேறு பொடிக்கு அவர் பேசுவதில்லை, போதும் என்று அவர் சொன்னால் ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டும் என்று மூன்றே விஷயம். முகம் அவருடையது இல்லையா? இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். முகம் தெரியாதவர்கள் கண்டபடி எழுதுவார்கள், தாங்குவீர்களா என்று. எழுதத்தான் செய்தார்கள், அவருடைய தெற்றுப்பல்லைப் பற்றி. "பால்வாடிப் பிள்ளைங்களோட அம்மாக்களையே சமாளிச்சவ நான்" என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அன்று அவர் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு அந்த மாதிரி எழுத்தெல்லாம் அவர் கண்ணில் படுவதற்கு முன்பே மகள் நீக்கிவிடுகிறாள்.

கம்ப்யூட்டரே ஒரு பெண்ணை உண்டாக்கித் தமிழில் பேச வைக்கிறதாம், காசும் குறைவாம். மகள் காட்டினாள். லட்சணமாகத்தான் இருந்தது அந்தப் பொம்மை. "நான் தினமும் சாப்பிடுறேன்" என்றது. நாக்கே இல்லாதது எதைச் சாப்பிட்டது? வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒரு சின்ன வருத்தமும் உண்டு, மறைப்பானேன். நத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். "பொடி அம்மா, பொடி அம்மா" என்று மதினியைச் சுற்றிக் கூட்டம். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற என்னை, "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?" என்றாள் ஒரு பெண். நான் தள்ளிக்கொண்டேன். முகம் வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே? ஆனாலும் சுருக்கென்றது. மதினி கவனித்துவிட்டார் போல. என் கையைப் பிடித்து இழுத்து, "இவதான் செய்யறவ. கையை மட்டும் படம் எடுத்துக்கங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

கோயம்புத்தூர்ப் பெரியவர் இப்போதும் மாதா மாதம் அரைக் கிலோ பருப்புப் பொடி வாங்குகிறார். போன் செய்ததும் முதலில் சொல்வது, "மாத்திரை சாப்பிட்டுட்டேம்மா." அப்புறம்தான் ஆர்டர்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.