பன்னிரண்டாவது படம்

உங்கள் வீட்டுக் கலியாண ஆல்பம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். மணமக்கள் இருக்கிறார்கள். சம்பந்திகள் இருக்கிறார்கள். அழைத்த விதம் சரியில்லை என்று முதல் நாள் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பெரியப்பாகூட, மறுநாள் வெகு சாந்தமாக வெற்றிலை போட்டுக்கொண்டு காட்சியளிக்கிறார். நாதஸ்வரக்காரர், சமையற்காரர், பந்தலுக்குள் புகுந்துவிட்ட பக்கத்து வீட்டுப் பையன் ஆகிய யாரும் பாக்கியில்லை. ஆனால், விடியற்காலை நாலு மணிக்கே வந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டியில் ஏறும் வரையில் அங்கேயே நின்ற ஒரு மனிதர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்தான் படம் பிடித்தவர்.

கும்பகோணத்தில் நான் குடியிருக்கும் தெருவில் அப்படிப்பட்ட ஒருவர் இருக்கிறார். தகப்பனாரிடம் தொழில் கற்று, 1976-ஆம் வருஷத்தில் காமிராவைக் கையில் எடுத்தவர். ஊரில் பாதிப் பேருடைய கலியாணம் இவர் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "பெயர் மட்டும் போடாதீர்கள், சார். பெயர் வந்தால் கூடவே படமும் கேட்பார்கள். என் படத்துக்கு நான் எங்கே போவேன்?" என்றார். ஆகையால் இந்தக் கட்டுரை முழுவதிலும் அவர் "நம் நண்பர்" தான்.

படம் பிடிக்கும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1839-ல் பாரிஸில் அது உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. 1856-ல் சென்னையிலேயே போட்டோ சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் பெட்டி பெட்டியாகச் சாமான்களுடன் வந்து, கோபுரங்களையும் மண்டபங்களையும் படம் பிடித்தார். கோபுரம் எவ்வளவு நேரமானாலும் அசையாமல் நிற்கும். மனுஷர்களிடம் அந்தக் குணம் கிடையாது. வேகமாகப் பதியும் தகடுகளும், 1887-ல் ஜெர்மனியில் செய்யப்பட்ட மக்னீஷிய வெளிச்சப் பொடியும் வந்த பிறகே, நாலு சுவருக்குள் நடக்கும் விசேஷங்களைப் பிடிப்பது சாத்தியமாயிற்று. அதற்கும் வெகு நாள் கழித்துத்தான் கலியாணத்துக்குப் புரோகிதரைப் போலப் படக்காரரும் அவசியமாகிவிட்டார்.

புரோகிதருக்கும் படக்காரருக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. இருவரையும் ஆள்வது பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் கிடையாது. படக்காரருக்கு வருமானமும் கிடையாது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. நம் நண்பர் வீட்டில் அது மளிகைக் கடைப் பாக்கியைப் பற்றிய செய்தி. அவருடைய குழந்தைகளுக்கு மாதம் தெரிந்துகொள்ளக் காலண்டர் வேண்டியிருக்கவில்லை. முகூர்த்த மாதங்களில் அப்பா கொண்டுவரும் தாம்பூலப் பைகளால் வீட்டில் தேங்காய் உருண்டுகொண்டே இருக்கும். அம்மா தேங்காய் வாங்கக் கடைக்குக் காசு கொடுத்தனுப்பினால், ஆடி மாதம் வந்துவிட்டது என்று அர்த்தம்!

ஆனால் பஞ்சாங்கத்தின் கொடுமை வேறு இடத்தில் இருக்கிறது. நல்ல நாள் என்பது ஊருக்கெல்லாம் ஒரே நாள். எந்த வைகாசி வளர்பிறையில் மற்றவர்கள் வீட்டில் கெட்டிமேளம் கொட்டுகிறதோ, அதே நாளில்தான் தம் வீட்டிலும் காதுகுத்தோ, மைத்துனன் கலியாணமோ, கிரகப்பிரவேசமோ வைத்தாக வேண்டும். பிறர் வீட்டு நல்ல நாளுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. தம் வீட்டு நல்ல நாளுக்கு யார் முன்பணம் கொடுப்பார்கள்?

1987-ல் அவருடைய பெண்ணுக்கு, ஒரு வயது நிரம்பும் சமயத்தில், காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுத அதே நேரத்தில், தகப்பனார் மன்னார்குடியில் ஒரு கலியாணப் பந்தலில், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்று மாப்பிள்ளையைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "அன்றைக்கு வந்த உறவினர்களெல்லாம், 'படக்காரர் வீட்டு விசேஷத்தில் படம் எடுக்க ஆள் இல்லையே!' என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் சமையற்கட்டுக்குப் போய்விட்டேன்" என்று அவருடைய மனைவி என்னிடம் சொன்னார்.

* * *

அந்த நாளில் அவரிடம் இருந்தது யாஷிகா காமிரா. மார்பளவில் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். ஒரு பிலிம் சுருளில் இரண்டேகால் அங்குலச் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். பன்னிரண்டே தான். நீலகிரியில் 1960-ல் அரசாங்கம் தொடங்கிய ஆலை, 1967 முதல் "இந்து" என்ற பெயரில் பிலிம் தயாரித்து வந்தது. (அந்த ஆலை பிற்பாடு மூடப்பட்டுவிட்டது.) நம் நாட்டுச் சரக்கானாலும் அயல் நாட்டுச் சரக்கானாலும் பிலிம் விலை படக்காரரின் கையைக் கடிக்கத்தான் செய்தது. ஒரு கலியாணத்துக்கு நாலு சுருள், பெரிய இடமாக இருந்தால் ஆறு. இன்று ஒரு வாலிபர் தம் காலை ஆகாரத்தை இத்தனை முறை படம் பிடிக்கிறார்!

ஆகவே எண்ணிக்கை என்பது தொழிலில் பாதி. மந்திரத்தின் போக்கைக் காதில் வாங்கிக்கொண்டு, மாங்கல்யத் தட்டு சபையைச் சுற்றி வரும்போதே புதுச் சுருளை மாட்டிவிட வேண்டும். நம் நண்பர் ஒரு தரம் கணக்குத் தவறிவிட்டார். கெட்டிமேளம் முழங்குகிறது; இவருடைய சுருளோ பன்னிரண்டில் நிற்கிறது! அவசர அவசரமாக வேறு சுருள் மாட்டி நிமிர்வதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. அசடு வழிய, "மாப்பிள்ளை, இன்னொரு தரம் தாலியில் கையை வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார். மணப்பெண்ணின் பாட்டி எழுந்து வந்து, "என்ன ஐயா இது? ஒரு பெண்ணுக்கு இரண்டு தரம் தாலி கட்டச் சொல்கிறீரா?" என்று ஒரு பிடி பிடித்தாளாம். அன்று முதல், இரண்டு படம் வீணானாலும் சரியென்று முன்கூட்டியே சுருளை மாற்றும் வழக்கம் அவருக்கு வந்தது.

அந்தச் சுருள்கள் படமாவதெல்லாம் வீட்டில்தான். பின்கட்டில் ஓர் அறையை இருட்டறையாக மாற்றி, சிவப்பு விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். இரவு பத்து மணிக்கு மேல், குழந்தைகள் தூங்கிய பிறகு வேலை ஆரம்பமாகும். வெறும் வெள்ளைக் காகிதத்தை மருந்து நீரில் அமிழ்த்தினால், சிறிது நேரத்தில் ஜரிகைக் கரை தெரியும், பிறகு நெற்றிச் சுட்டி, பிறகு முகம். அதை ஹைப்போ என்னும் உப்பு நீரில் இட்டு நிலைநிறுத்த வேண்டும். அதன் பின், அந்த உப்பு முழுவதும் போகும்படி மாற்றி மாற்றி நல்ல நீரில் அலச வேண்டும். சரியாக அலசாவிட்டால் சில வருஷங்களில் படம் மஞ்சள் பூத்துப் போகும்.

அலசுகிற வேலை அவருடைய மனைவியுடையது. கிணற்றிலிருந்து நீர் இறைத்து, அண்டாவில் ஊற்றி, ஊரார் வீட்டுச் சிரிப்புகளையெல்லாம் நள்ளிரவில் அலசிக் கயிற்றில் உலர்த்திய கை அது. "கலியாணத்தை நடத்தி வைத்தது ஐயர், படம் பிடித்தது இவர், அது இன்னும் மஞ்சளாகாமல் இருக்கிறதே, அது என்னால்!" என்று அந்த அம்மாள் சொல்லும்போது, நம் நண்பர் மறுப்பதில்லை.

இப்போது பன்னிரண்டாவது படத்துக்கு வருகிறேன்.

கலியாணம் முடிந்து வீடு திரும்பும்போது, கடைசிச் சுருளில் ஒன்றோ இரண்டோ மிச்சம் இருக்கும். அதை அன்றிரவே கழுவியாக வேண்டும். மிச்சத்தை உத்தேசித்து அடுத்த முகூர்த்தம் வரையில் காத்திருக்க முடியாது. வீணாக்கவோ மனம் வராது. ஆகவே, வாசற்படி ஏறியதும் எதிரில் யார் இருக்கிறார்களோ, என்ன செய்துகொண்டிருக்கிறார்களோ, அப்படியே ஒரு படம்! காதுகுத்து நடந்த அன்று மாலையும் அப்படித்தான் ஒன்று எடுத்தார். அழுது ஓய்ந்த குழந்தை பாயில் தூங்குகிறது. காதோரத்தில் சந்தனம் காய்ந்திருக்கிறது. விசேஷத்தின் ஒரே சாட்சி அதுதான்.

இந்தப் பழக்கத்தால் ஒரு சங்கடமும் நேர்ந்தது. ஒரு சமயம், கலியாண வீட்டாருக்குக் கொடுத்த படங்களோடு, அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் தம் மனைவியின் படமும் தவறிப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்கள் பிள்ளை வீட்டு உறவென்று இவர்களும், பெண் வீட்டு உறவென்று அவர்களும் எண்ணி, ஆல்பத்தில் ஒட்டிவிட்டார்கள்! இன்றும் அந்தக் குடும்பத்தின் ஆல்பத்தில் அந்த அம்மாள் முறம் ஏந்தி நிற்கிறார்.

* * *

பிறகு காலம் மாறிற்று. வர்ணப் படம் வந்தது. சுருள்கள் வெளியூர் ஆலைக்குக் கழுவப் போயின. சிவப்பு விளக்கு அணைந்தது. சுருளில் முப்பத்தாறு படம் விழும் சிறிய பிலிம் வந்தது. வீடியோவும் வந்தது. 2004 வாக்கில் பிலிமே இல்லாத காமிராவை அவர் வாங்கினார். எண்ணிக்கை என்ற கவலை ஒழிந்தது. ஆயிரம் எடுக்கலாம், இரண்டாயிரம் எடுக்கலாம். சௌகரியந்தான். ஆனால் மிச்சம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. தீர்க்க வேண்டிய படம் இல்லாதபோது, வாசற்படியில் நின்று யாரை எடுப்பது? ஆயிரக்கணக்கில் படம் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, தம் வீட்டைப் படம் பிடிப்பது அவருக்கு நின்று போயிற்று.

இன்னொரு ரகசியத்தையும் அவர் எனக்குச் சொன்னார். யாஷிகாவின் மேற்கண்ணாடியில் தெரியும் உருவம் இட வலம் மாறித் தெரியும். ஆகவே சுமார் பதினைந்து வருஷம் ஊரார் கலியாணத்தை அவர் திருப்பிப் பார்த்தார். பிறகு வாங்கிய காமிராக்களுக்குள்ளே ஒரு சாய்ந்த கண்ணாடி உண்டு. பொத்தானை அழுத்தியதும் அது மேலே எழும்பி ஒளிக்கு வழி விடும். அந்த ஒரு கணம், கண்ணை வைத்துப் பார்ப்பவருக்கு இருட்டு. "அதாவது, சார், எந்தக் கணத்தைப் படம் பிடிக்கிறேனோ, சரியாக அந்தக் கணத்தைத்தான் நான் பார்ப்பதில்லை" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் தாலி கட்டுவதைப் படம் பிடித்தவர், நேர்க் கண்ணால் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை!

2013-ஆம் வருஷம் அவர் பெண்ணுக்குக் கலியாணம். நானும் போயிருந்தேன். தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய தகப்பனார் காமிராவைத் தொட முடியுமா? அவரிடம் தொழில் பழகிய பையன் ஒருவனே படம் பிடித்தான். நம் நண்பரோ பட்டு வேஷ்டியுடன் மணவறையில் இருந்துகொண்டே, "தம்பி, அந்த விளக்கைச் சற்று உயர்த்து", "இந்தப் பக்கம் வா, நிழல் விழுகிறது" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஐயர் பொறுமையிழந்து, "இன்றைக்கு நீர் பெண்ணைப் பெற்றவர்; அதை மட்டும் பாரும்!" என்று அதட்டினார்.

அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, அவருடைய சகோதரி மற்ற இரண்டையும் போட்டாள். நம் நண்பர் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றார். வலது கை விரல் மட்டும், இல்லாத பொத்தானைத் தேடுவது போல ஒரு முறை மடங்கிற்று. இட வலம் மாறாமல், நடுவில் இருட்டாமல், அவர் அதைப் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

* * *

2020-ல் கொள்ளை நோய் வந்து ஊர் அடங்கியது. கலியாணங்கள் தள்ளிப் போயின. நடந்தவற்றிலும் ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு. தொழில் செய்யத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக ஒரு வைகாசியில் நம் நண்பர் வீட்டில் இருந்தார். கணவனும் மனைவியுமாகப் பரணிலிருந்த பெட்டிகளை இறக்கினார்கள். உறை உறையாக ஊரார் கலியாண நெகடிவ்கள்! ஒவ்வொரு சுருளின் வால் பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஏதோ ஒரு கலியாணத்தின் கடைசியில் இவருடைய தாயார் பூத்தொடுக்கிறார். வேறொரு கலியாணத்தின் கடைசியில் பெண் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொள்கிறாள். இன்னொன்றில் மனைவி கோபமாகத் திரும்பி நிற்கிறார், "சாப்பாடு ஆறிப்போகிறது, இப்போது என்ன படம்?" என்று கேட்ட நாளாம் அது. காகிதச் செலவுக்கு அஞ்சி அந்த நாளில் அச்சுப் போடாமலே விட்டவை பெரும்பாலானவை. ஊருக்கு நடுவில் தம் குடும்பம் இப்படி ஒளிந்துகொண்டிருந்ததை அவர்களே மறந்து போயிருந்தார்கள்.

அவற்றையெல்லாம் சேர்த்து ஓர் ஆல்பம் செய்திருக்கிறார்கள். எனக்குக் காட்டினார்கள். அதில் யாரும் தயாராக இல்லை, தலை கலைந்திருக்கிறது, கை ஈரமாக இருக்கிறது. ஆயினும் அவ்வளவு உயிருள்ள முகங்களை நான் வேறு ஆல்பங்களில் பார்த்ததில்லை.

கடைசிப் பக்கத்தில் உள்ள ஒன்று மட்டும் அவர் எடுத்ததன்று, சிஷ்யன் எடுத்தது. மணவறை ஓரத்தில் ஒரு மனிதர் கண்ணீர் வழிய நிற்கிறார். அந்த ஆல்பத்தில் அவர் முகம் உள்ள ஒரே படம் அதுதான்.

"இத்தனை வருஷமாகப் பெண்ணைப் பெற்றவர்களைப் பார்த்து, 'கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் சிரியுங்கள்' என்று சொல்லி வந்தேன், சார். இப்போதெல்லாம் அப்படிச் சொல்வதில்லை" என்றார் நம் நண்பர்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் முகூர்த்தம். மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று அவர் படுக்கப் போய்விட்டார்.