சைக்கிள் டைனமோவும் கைத்தொலைபேசியும்

1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டோம். (சுற்றியது சிறுவர்களாகிய நாம், செய்தி கேட்டது பெரியவர்கள்!) கம்பி எங்கிருந்து எங்கே போகிறதென்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அப்பா செய்வதைப் பார்த்தே பழகினோம்.

கைத்தொலைபேசியை அப்படிப் பார்த்துப் பழக இயலாது, கேட்டுத்தான் பழகவேண்டும். பிள்ளையிடம் கேட்கப் பெரியவர்களுக்கு வெட்கம். சொல்லிக்கொடுக்கப் பிள்ளைக்குப் பொறுமையில்லை. இதனால் வெங்காய விலையும் வங்கிச் செய்தியும் பிள்ளை வாசித்தால்தான் தகப்பனுக்குத் தெரியவருகின்றன. சில வீடுகளில் வங்கி அட்டையின் இரகசிய இலக்கமும் பிள்ளைக்கு மட்டுமே தெரியும்.

பிள்ளைகளே, நீங்கள் அழுத்திக் காட்டாதீர்கள். தொலைபேசியை அம்மம்மாவின் கையிலேயே கொடுங்கள். அவ பிழையாக அழுத்தினாலும் பறிக்காமல் பக்கத்தில் இருங்கள்.